லெஜூன் முகாமின் கிணறுகள்: ஒரு சிறுநீரகப் புற்றுநோய்க்கு எது காரணம்?

சிறுநீரகத்தில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்ததும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சிகரெட் பிடிப்பாரா?" என்பதுதான். ஆம் என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. இல்லை என்றால் உடல் எடை, பிபி, சாப்பாடு என்று விசாரணை நீளும். அமெரிக்காவில் ஒரு படை முகாமில் இருந்தவர்களுக்கு இந்தப் பட்டியலில் இன்னொரு கேள்வியும் உண்டு: 1953க்கும் 1987க்கும் இடையில் எங்கே தண்ணீர் குடித்தாய்?

ஒருவருக்கு நோய் வந்த பிறகு, அதன் காரணத்தைப் பின்னோக்கித் தேடுவது எவ்வளவு சிக்கலான வேலை என்பதைக் காட்ட இந்த முகாமைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

கடையின் கழிவும் முகாமின் குப்பையும்

வட கரோலைனா மாநிலத்தின் கடலோரத்தில், ஜாக்சன்வில் ஊரை ஒட்டி இருக்கிறது கேம்ப் லெஜூன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கடற்படைத் துறையின் கீழ் வரும் மரைன் படைக்காகக் கட்டியது. பயிற்சிக்கு வரும் இளைஞர்கள், அதிகாரிகள், அவர்கள் குடும்பங்கள், வேலைக்கு வரும் பொதுமக்கள் எல்லாம் சேர்த்து ஒரு நகரம் மாதிரி. தண்ணீர் முழுவதும் நிலத்தடி நீர். பல கிணறுகளிலிருந்து இறைத்து, சுத்திகரிப்பு நிலையத்தில் ஒன்றாகக் கலந்து, குழாயில் விடுவார்கள். நமக்குத் தேவையான நிலையங்கள் இரண்டு: குடும்பக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் கொடுத்த டராவா டெரஸ், வீரர்களின் விடுதிகள் இருந்த முக்கியப் பகுதிக்குக் கொடுத்த ஹாட்னாட் பாயின்ட்.

டராவா டெரஸின் தண்ணீரைக் கெடுத்தது முகாமுக்கு வெளியே சாலையோரம் இருந்த ஒரு டிரை கிளீனிங் கடை, ஏபிசி ஒன் அவர் கிளீனர்ஸ். துணியில் அழுக்கெடுக்கப் பயன்படும் பெர்குளோரோஎத்திலீன் (சுருக்கமாக பிசிஇ) கலந்த கழிவு நீர் அந்தக் கடையின் செப்டிக் டேங்க் வழியாக மண்ணில் இறங்கியது. கரைப்பானைக் காய்ச்சி வடித்த பிறகு அடியில் தங்கும் கசடைக் கொட்டிக் கடைப் பக்கத்துப் பாதையில் இருந்த குழிகளை நிரப்பியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை.

ஹாட்னாட் பாயின்ட் கதை வேறு. அங்கே கெடுத்தது முகாமே. இயந்திர பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க டிரைகுளோரோஎத்திலீன் (டிசிஇ) என்ற கரைப்பானைப் பயன்படுத்தினார்கள். மிச்சம் கீழே கொட்டப்பட்டது, குப்பைக் கிடங்குக்குப் போனது, நிலத்தடித் தொட்டிகளிலிருந்து கசிந்தது. எரிபொருள் கிடங்கிலிருந்து கசிந்த பெட்ரோலோடு பென்சீனும் சேர்ந்துகொண்டது.

இப்போது அமெரிக்காவில் குடிநீரில் டிசிஇக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 5 பிபிபி, அதாவது லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். 1982 மே மாதம் ஹாட்னாட் பாயின்ட் தண்ணீரில் அளந்தபோது இருந்தது 1,400. டராவா டெரஸில் பிசிஇ 215 வரை போனது. கலப்பதற்கு முன்னால், ஹாட்னாட் பாயின்டின் எச்.பி.-651 என்ற கிணற்றில் மட்டும் 1985 பிப்ரவரியில் எடுத்த மாதிரியில் டிசிஇ 18,900.

யாருக்கு எப்போது தெரிந்தது

1980 அக்டோபரில், குளோரின் போடுவதால் தண்ணீரில் உண்டாகும் டிரைஹாலோமீத்தேன்களைச் சோதிக்க மாதிரி எடுத்தார்கள். தேடியது ஒன்று, கண்ணில் பட்டது வேறொன்று. அளவீட்டுக்கு இடைஞ்சலாக வேறு ஏதோ குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் தண்ணீரில் இருப்பதைக் கவனித்த ராணுவ ஆய்வகம், அடுத்தடுத்த அறிக்கைகளில் கையால் எழுதியே எச்சரித்தது. 1982இல் ஒரு தனியார் ஆய்வகம் அது டிசிஇயும் பிசிஇயும்தான் என்று பெயர் சொல்லிவிட்டது. ஆனால் எந்தக் கிணறு என்று ஒவ்வொன்றாகச் சோதித்து மூட ஆரம்பித்தது 1984 நவம்பரில். மோசமான கிணறுகள் எல்லாம் மூடப்பட்டபோது 1985 பிப்ரவரி ஆகிவிட்டது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த 5 பிபிபி வரம்பு அப்போது சட்டத்தில் இல்லை. டிசிஇக்கு அதை அறிவித்ததே 1987இல்தான். "விதி எதையும் மீறவில்லை" என்று பிறகு சொல்லப்பட்டதற்கு இதுதான் அடிப்படை. எழுத்துப்படி அது சரி. ஆனால் பெயர் தெரிந்த கரைப்பான் குடிநீரில் இருக்கிறது என்று கையில் அறிக்கை வந்த பிறகு இரண்டரை வருடம் அதே கிணறுகள் ஓடியதற்கு விதி இல்லை என்பதைப் பதிலாக என்னால் ஏற்க முடியவில்லை.

1985 ஜனவரி கடைசியில் நடந்தது இன்னும் மோசம். சுத்தமான கிணறுகளை வைத்திருந்த மூன்றாவது நிலையமான ஹோல்கம் பூலவார்டில் ஜெனரேட்டர் எரிபொருள் கசிந்து, அதை நிறுத்த வேண்டியதாயிற்று. சில நாட்களுக்கு ஹாட்னாட் பாயின்ட் தண்ணீரை அந்தக் குழாய்களில் திருப்பிவிட்டார்கள். அப்போது ஒரு பள்ளிக்கூடக் குழாயில் எடுத்த மாதிரியில் டிசிஇ ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

அந்த ஏப்ரலில் டராவா டெரஸ் குடும்பங்களுக்கு ஒரு கடிதம் போனது. மிகச் சிறு அளவில் சில கரிம வேதிப்பொருட்கள் இருப்பதாக அதில் எழுதியிருந்தது. வேலை மாறி, ஊர் மாறிப் போயிருந்தவர்களுக்கு அதுவும் வரவில்லை. ஜெர்ரி என்ஸ்மிங்கர் என்ற ஓய்வுபெற்ற மரைன் வீரர், 1985இல் ஒன்பது வயது மகள் ஜேனியை லுகேமியாவுக்குப் பறிகொடுத்தவர், இந்தத் தண்ணீர் விஷயத்தைத் தெரிந்துகொண்டது 1997இல், வீட்டில் டிவி செய்தி பார்த்து. பிறகு அவர் இதை விடவே இல்லை. 2012இல் வந்த மருத்துவ உதவிச் சட்டப்பகுதிக்கு ஜேனியின் பெயரையே வைத்தார்கள்.

ஏன் சிறுநீரகம்?

டிசிஇ உடலுக்குள் போனால் பெரும்பகுதியைக் கல்லீரல் ஒரு வழியில் உடைத்து வெளியேற்றுகிறது. கொஞ்சம் மட்டும் வேறு வழியில் போகிறது: குளுத்தாதயோன் என்ற பொருளோடு அதை இணைத்து, தண்ணீரில் கரையும்படி செய்து, சிறுநீரில் தள்ளிவிடலாம் என்று கல்லீரல் பார்க்கிறது. நச்சு எதுவானாலும் கல்லீரல் வழக்கமாகச் செய்யும் நல்ல காரியம்தான். ஆனால் இந்த இணைப்பு சிறுநீரகத்துக்கு வந்து சேர்ந்ததும், அங்கே உள்ள பீட்டா லையேஸ் என்ற நொதி அதை மறுபடியும் வெட்டுகிறது. வெட்டும்போது பிறக்கும் துண்டு புரதத்தையும் மரபணுவையும் போய்க் கடிக்கும் வகை. இது நடக்கும் இடம் சிறுநீரகத்தின் அண்மைச் சுருள் குழாய்ச் செல்கள். மிகவும் பரவலான சிறுநீரகப் புற்றுநோய் வகை தொடங்குவதும் அதே செல்களில்தான்.

இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்கு மட்டுமே போகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உடம்பு வெளியே தள்ள நினைப்பவற்றில் பெரும்பகுதி இந்த வாசல் வழியாகத்தான் போகிறது.

இன்னொரு சுவையான விஷயம். குளுத்தாதயோனோடு இணைக்கும் நொதிகளில் ஒன்றான ஜிஎஸ்டிடி1க்குரிய மரபணு சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அப்படி. மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், டிசிஇயில் வேலை செய்தவர்களில் அந்த நொதி உள்ளவர்களுக்குச் சிறுநீரகப் புற்றுநோய் ஆபத்து கூடியிருந்தது, இல்லாதவர்களுக்குக் கூடவில்லை. ஆக ஒரே குழாயில் ஒரே தண்ணீரைக் குடித்த இருவருக்குக்கூட ஆபத்து ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

லெஜூன் எண்களுக்கு முன்பே தொழிற்சாலைகள் சாட்சி சொல்லியிருந்தன. ஜெர்மனியின் ஆர்ன்ஸ்பெர்க் பகுதியில் ஓர் அட்டைத் தொழிற்சாலை. டிசிஇயில் புழங்கிய 169 ஆண்களில் 5 பேருக்குச் சிறுநீரகத்தில் கட்டி. புழங்காத 190 பேரில் ஒருவருக்கும் இல்லை. இது 1995இல் வெளிவந்தபோது, நோயாளிகள் கூட்டமாகத் தெரிந்த பிறகு அங்கே போய் எண்ணினால் அப்படித்தான் வரும் என்று எதிர்வாதம் கிளம்பியது. அதில் நியாயமும் இருந்தது. பிறகு பிரான்சின் ஆர்வ் பள்ளத்தாக்கு: சின்னச் சின்ன உலோகத் திருகு பாகங்கள் கடையும் பட்டறைகள் நிறைந்த இடம், டிசிஇ தாராளமாகப் புழங்கிய இடம். அங்கே அதிக அளவில் புழங்கியவர்களுக்கு ஆபத்து இரண்டு மடங்குக்குச் சற்று மேல். இப்படிச் சேர்ந்த சான்றுகளை வைத்து, லியோனில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012இல் டிசிஇயை முதல் பிரிவில் போட்டது: மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதி, அதுவும் குறிப்பாகச் சிறுநீரகத்தில்.

பட்டறையில் ஆவியாக மூச்சில் ஏறும் அளவு வேறு, குழாய்த் தண்ணீரில் வரும் அளவு வேறு என்பது உண்மை. ஆனால் டிசிஇ சீக்கிரம் ஆவியாகும் பொருள். வெந்நீர்க் குளியலறையில் அதை மூச்சிலும் இழுக்கிறோம், தோலிலும் வாங்குகிறோம். கரோலைனா வெயிலில் நாள் முழுக்கப் பயிற்சி எடுக்கும் வீரன் குடிக்கும் தண்ணீரும் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் குடிக்கும் தண்ணீரும் ஒன்றல்ல.

எண்ணிப் பார்த்தார்கள்

யார் எவ்வளவு குடித்தார்கள் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கிணறுகளைச் சுழற்சி முறையில்தான் ஓட்டினார்கள். மோசமான கிணறு ஓடிய நாளில் குழாயில் நிறைய, ஓய்ந்த நாளில் கொஞ்சம். 1980க்கு முந்தைய அளவீடு எதுவும் இல்லை. நச்சுப்பொருட்களுக்கான கூட்டாட்சி சுகாதார முகமை நிலத்தடி நீரோட்டத்தைக் கணினியில் மாதிரியாக்கி, மாதம் மாதமாகப் பழைய அளவுகளைத் திரும்பக் கட்டியெழுப்பியது. அந்தக் கணக்குப்படி ஹாட்னாட் பாயின்டில் டிசிஇ 5 பிபிபியைத் தாண்டியது 1953 ஆகஸ்டிலேயே. சட்டங்களில் வரும் தேதியின் தொடக்கம் அதுதான்.

அப்புறம் ஒப்பீடு. கலிஃபோர்னியாவில் கேம்ப் பென்டில்டன் என்று இன்னொரு மரைன் முகாம். அதே படை, அதே வயது, அதே வாழ்க்கை, அதே சிகரெட். தண்ணீர் மட்டும் வேறு. இரண்டு பக்கமும் தலா ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர், 1975க்கும் 1985க்கும் இடையில் பணியில் சேர்ந்தவர்கள். 2008 வரையான இறப்புகளை எண்ணி 2014இல் முடிவு வெளிவந்தது. லெஜூன்காரர்கள் சிறுநீரகப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு பென்டில்டன்காரர்களைப் போல 1.35 மடங்கு.

இங்கேதான் சண்டை ஆரம்பம். அந்த 1.35ஐச் சுற்றிய நிச்சயமின்மையின் எல்லை 0.84 முதல் 2.16 வரை. உண்மையில் வித்தியாசமே இல்லாமல் இருக்கலாம், இரண்டு மடங்குக்கு மேலும் இருக்கலாம். வழக்கமான புள்ளியியல் அளவுகோலில் இது தேறாது. ஆனால் அந்த ஆண்களில் பெரும்பாலோர் எண்ணி முடித்தபோது 55 வயதைக்கூடத் தாண்டவில்லை. சிறுநீரகப் புற்றுநோய் பெரும்பாலும் அறுபதுகளில் வரும் நோய். மரத்தில் காய் பிடிக்கும் முன்பே விளைச்சலைக் கணக்கெடுத்த மாதிரி. ஒவ்வொருவருடைய புகைப் பழக்கமும் ஆய்வாளர்கள் கையில் இல்லை என்பது இன்னொரு குறை. பென்டில்டன் ஒப்பீடு அதைப் பெருமளவு சரிக்கட்டியது என்றுதான் நினைக்கிறேன்.

பத்து வருடம் கழித்து, 2024இல், இன்னும் நிறைய இறப்புகளைச் சேர்த்து மறுபடி எண்ணினார்கள். 1.35 இப்போது 1.21 ஆனது. எல்லை 0.95 முதல் 1.54. ஆபத்து சிறியதாகத் தெரிந்தது, நிச்சயமின்மையும் சுருங்கியது. ஆனாலும் எல்லை 1ஐக் கடந்து முழுதாக மேலே போகவில்லை. அதே சமயத்தில் இறப்பை விட்டுவிட்டு, புதிதாகப் புற்றுநோய் வந்தவர்களை எண்ணிய ஆய்வும் வந்தது. அதில் முன்னால் நின்றவை சில ரத்தப் புற்றுநோய்கள், தைராய்டு போன்றவை. சிறுநீரகம் அந்த அளவு எடுபடவில்லை.

121இல் 21

1.21 மடங்கு என்பதை ஆள் கணக்கில் பார்ப்போம். நல்ல தண்ணீர் குடித்திருந்தால் நூறு பேர் சிறுநீரகப் புற்றுநோயால் இறந்திருக்க வேண்டிய கூட்டத்தில் 121 பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக வந்தவர்கள் 21. அவர்கள் யார் யார்? யாராலும் சொல்ல முடியாது. கட்டியை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தாலும் "தண்ணீரால் வந்தது" என்று முத்திரை இருக்காது. டிசிஇ ஆட்களின் கட்டிகளில் விஎச்எல் என்ற மரபணுவில் ஒரு தனி அடையாளம் இருப்பதாக ஜெர்மனியில் 1999இல் சொன்னார்கள். பிறகு மற்றவர்கள் செய்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். புகைப்பவருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் வரும் ஆபத்து எவ்வளவு கூடும்? சுமார் 1.3 முதல் 1.5 மடங்கு. நுரையீரலில் போல இருபது மடங்கெல்லாம் இங்கே கிடையாது. உடல் நிறைக் குறியீடு 5 கூடினால் ஆண்களுக்கு ஆபத்து சுமார் கால் பங்கும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் கூடுகிறது. நீண்ட நாள் ரத்த அழுத்தமும் கிட்டத்தட்ட இதே வரிசையில் வரும். எல்லாம் லெஜூன் தண்ணீருக்குப் பக்கத்து வீட்டு எண்கள். ஆனாலும் புகைத்த நோயாளியிடம் "உன் சிகரெட்தான் காரணம்" என்று சொல்ல நாம் ஒரு நொடிகூடத் தயங்குவதில்லை. தண்ணீர் என்றால் மட்டும் புள்ளியியல் கேட்கிறோம். தனிமனிதப் பழக்கத்தின் மேல் பழி போடுவதற்குச் செலவில்லை, அதனால் இருக்கும்.

அமெரிக்க ராணுவம் களச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு சிகரெட்டையும் வைத்துக் கொடுத்தது. 1975இல்தான் நிறுத்தியது. ஒரு மரைனின் சிறுநீரகத்தில் அரசு கொடுத்த சிகரெட்டும் அரசு கொடுத்த தண்ணீரும் சேர்ந்தே வேலை செய்திருக்கலாம். ஒன்று இருந்தால் மற்றது இல்லை என்று ஆகாது. காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காரும்.

இந்தப் பட்டியலில் யாராலும் மாற்ற முடியாதவையும் உண்டு. ஆண்களுக்குப் பெண்களைப் போல இரண்டு மடங்கு. விஎச்எல் போன்ற பரம்பரைக் கோளாறு உள்ள குடும்பங்களில் முப்பது, நாற்பது வயதிலேயே, பல நேரம் இரண்டு சிறுநீரகங்களிலும் வரும். வருடக்கணக்கில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் சிறுநீரகத்தில் உண்டாகும் நீர்க்கட்டிகளிலும் வரலாம். வலி இல்லாமல் சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், தானாக நின்றுவிட்டாலும், டாக்டரிடம் காட்ட வேண்டும். இப்போதெல்லாம் பாதிக்குமேல் கட்டிகள் வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில்தான் அகப்படுகின்றன.

சட்டம் போட்ட கோடு

நீதிமன்றங்கள் முதலில் கதவைச் சாத்தின. மாசு நடந்து பத்து வருடம் கழிந்தால் வழக்கே போட முடியாது என்பது வட கரோலைனா மாநில விதி. புற்றுநோய் வெளியே தெரியவே அதைவிட அதிக காலம் ஆகும் என்பது அந்த விதிக்குத் தெரியாது. அதே மாநிலத்தில் கிணற்றுநீரில் டிசிஇ கலந்த வேறொரு வழக்கில், 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் காலக்கெடு செல்லும் என்றது. லெஜூன் வழக்குகளும் அதோடு சரிந்தன.

திறந்தது வேறு இரண்டு கதவுகள். 2017இல் முன்னாள் படைவீரர் துறை எட்டு நோய்களைப் பட்டியலிட்டது. சிறுநீரகப் புற்றுநோய் அதில் ஒன்று. அந்தக் காலத்தில் மொத்தம் 30 நாள் முகாமில் பணியாற்றியிருந்தால் போதும், நோய்க்குத் தண்ணீரே காரணம் என்று எடுத்துக்கொள்வார்கள். 2022 ஆகஸ்டில் வந்த சட்டம் பத்து வருடக் கெடுவை ஓரங்கட்டி, குடும்பத்தினரும் பொதுமக்களும்கூட வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் கொடுத்தது. நிரூபிக்க வேண்டிய அளவையும் இறக்கியது: காரணமாக இருப்பதற்கு, இல்லாமல் இருப்பதைவிடக் குறையாத வாய்ப்பு இருந்தால் போதும். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் கடற்படையிடம் குவிந்தன. முதலில் விசாரிக்க எடுத்த ஐந்து நோய்களில் சிறுநீரகப் புற்றுநோயும் உண்டு.

121இல் 21 என்ற கணக்கை வைத்துப் பார்த்தால், பாதிக்குப் பாதி என்ற அந்த இறக்கிய அளவுகூடச் சராசரி ஆளுக்கு எட்டாது. அதனால்தான் இரு தரப்பு நிபுணர்களும் ஒவ்வொருவரும் எந்த விடுதியில், எந்த மாதம், எவ்வளவு குடித்திருப்பார் என்று மல்லுக்கட்டுகிறார்கள். படைவீரர் துறை இந்த வம்பே வேண்டாமென்று 121 பேருக்கும் உதவித்தொகை கொடுத்துவிடுகிறது. நூறு பேருக்குத் தேவையில்லாமல் போகிறதே என்பவர்கள் உண்டு. அந்த 21 பேரைப் பிரித்தெடுக்க வழி இல்லாதபோது, தண்ணீர் கொடுத்தவன் பக்கம்தான் நஷ்டம் விழ வேண்டும் என்பது என் கட்சி.

டிசிஇயை முற்றிலும் தடைசெய்யும் விதியை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அறிவித்தது 2024 டிசம்பரில். மோசமான கிணறுகளை மூடி நாற்பது வருடம் ஆகப்போகும் சமயம். முன்னாள் வீரர் இன்று உதவி கேட்டு விண்ணப்பித்தால் அவர் காட்ட வேண்டியவை இரண்டுதான்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை முகாமில் இருந்தார் என்ற பணிப்பதிவு, நோய் இருக்கிறது என்ற மருத்துவச் சான்று. சிகரெட் பிடிப்பாரா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.